இறக்கையில் இருந்த புள்ளிகள்

இரண்டாயிரத்து ஆறோ ஏழோ, சரியாக நினைவில்லை. இணையம் பார்க்க பிரவுசிங் சென்டருக்குத்தான் போக வேண்டும். அப்போது நாங்கள் திருத்தங்கலில் குடியிருந்தோம். என் கணவருக்கு சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் கம்பெனியில் வேலை. வருகிற போட்டோக்களைக் கம்ப்யூட்டரில் திருத்தி அச்சுக்கு அனுப்புவார். எனக்கோ ஈ பைத்தியம். வீட்டு ஈ இல்லை, காட்டு ஈ. மல்லாங்கிணற்றில் எங்கள் அப்பாவின் புஞ்சைக்குப் போகும்போதெல்லாம் ஈக்களைப் படம் எடுத்து, படத்தைப் பார்த்தே இனம் சொல்லும் ஓர் இணையக் குழுவுக்கு அனுப்புவேன். "வேற சோலி இல்லையா ஒனக்கு?" என்று என் நாத்தனார் கேட்காத நாளில்லை. எந்தப் படத்துக்கும் 'தெளிவில்லை' என்றே பதில் வரும். ஒரே ஒரு ஈக்காவது பேர் வாங்கிவிட வேண்டும் என்று எனக்கு வெறியே வந்துவிட்டது.

அந்தத் தடவை மாட்டியது அருமையான ஈ. உடம்பெல்லாம் கறுப்பு முடி, கண்ணாடி மாதிரி இறக்கை, அதில் கறுப்புப் புள்ளிகள். படத்தை அவர்தான் கம்பெனியில் சின்னதாக்கி சிடியில் போட்டுக் கொடுத்தார். நான் அடையாளங்களை விவரமாக எழுதி அனுப்பினேன்.

எல்லாரும் பார்க்கும்படி பதில் வந்தது. நான் எழுதிய புள்ளிகள் படத்தில் ஒன்றுகூட இல்லையாம், கதை கட்ட வேண்டாமாம். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இறக்கை துடைத்துவிட்டதுபோல் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவரைப் பிடித்தேன்.

"ஏங்க, அந்த ஈ படத்துல என்ன பண்ணுனீக?"

"ரெக்கையில அம்புட்டும் தூசி. ஒவ்வொண்ணா எடுத்துட்டேன்ல," என்றார் பெருமையாக.

சாமி படமோ குழந்தை படமோ, புள்ளி கண்ணில் பட்டால் எடுத்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். அந்தப் பழக்கம் என் ஈயையும் விட்டுவைக்கவில்லை. கேமராவில் இருந்த படத்தையும் அழித்தாயிற்று. "என்னையப் பொய்க்காரி ஆக்கிட்டீகளே" என்று அழுதுவிட்டேன். அன்றைக்கு அவருக்குச் சோறுகூடப் போடவில்லை.

காலண்டர் சீசனில் ஞாயிற்றுக்கிழமையும் வேலை உண்டு. ஆனால் அந்த ஞாயிறு அவரே லீவு சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

"ஏறு. அந்த ஈ அங்கனதான் எங்கயாவது இருக்கும்."

புஞ்சையில் உச்சி வெயிலில் இரண்டு பேரும் குனிந்து குனிந்து தேடினோம். போகிறவர்கள் நின்று, "எதைத் தொலைச்சீக?" என்று கேட்டார்கள். "ஈயை" என்றார் அவர், கொஞ்சமும் கூச்சமில்லாமல். எனக்குச் சிரிப்பு வந்தது, கோபமும் போய்விட்டது. கடைசியில் அவர்தான் என் கையைப் பிடித்து நிறுத்தினார். வரப்போரம் சுடுமண்ணில் அதே மாதிரி ஓர் ஈ, புள்ளிகளோடு இறக்கையை விரித்து உட்கார்ந்திருந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு படம் எடுத்தேன்.

நடந்ததையும் எழுதி, எதையும் தொடாமல் படத்தை அனுப்பினேன். மன்னிப்போடு பதில் வந்தது. ஈயின் பேரினப் பெயரைச் சொல்லி, அந்தப் புள்ளிகளை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது என்று எழுதியிருந்தார்கள். 'உங்கள் கணவர் பலே கைகாரர்' என்றும் ஒரு வரி. பிரவுசிங் சென்டரில் எல்லாரும் திரும்பிப் பார்க்கக் கை தட்டிவிட்டேன். வாயில் நுழையாத அந்தப் பெயரைப் பெரிய எழுத்தில் பிரிண்ட் எடுத்து, நாத்தனார் வீட்டுக்கே போய்க் காட்டிவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு யார் முகத்தில் புள்ளி இருந்தாலும், அது மச்சமா தூசியா என்று ஆர்டர் கொடுத்தவரிடம் கேட்டுவிட்டுத்தான் அவர் கை வைப்பார். நானும் யாரிடமாவது ஒரு குறை கண்ணில் பட்டால், அதுதான் அவர்களுடைய அடையாளமோ என்று இன்றைக்கும் ஒரு நிமிடம் நின்று யோசிக்கிறேன்.