கிளிப்பச்சை ஜாக்கெட்

எங்கள் அம்மா பியூட்டி பார்லர் ஆரம்பித்தபோது வாசலில் மாட்டிய பலகையில் ‘லேடீஸ் டெய்லர்’ என்று எழுதியிருந்தது. அம்மாவுக்கு அறுந்துபோன ஹூக்கைக்கூட ஒழுங்காகத் தைக்கத் தெரியாது.

எல்லாவற்றுக்கும் காரணம் பெரியப்பாதான். அம்மா ஆறு மாதம் காஞ்சிபுரத்துக்குப் பஸ்ஸில் போய் வந்து பியூட்டிஷியன் கோர்ஸ் முடித்தாள். சர்டிபிகேட்டுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு எடுத்து வந்த அன்று, பெரியப்பா எங்கள் கூடத்தில் உட்கார்ந்து அப்பாவிடம் சொன்னார்: “நாலு ஏக்கரா வெச்சிக்கினு, நம்ம வூட்டுப் பொம்பள ஊரார் முடிய எடுக்கறதா? நாளிக்கி உம்பொண்ண எவன் கட்டுவான்?” அந்தப் பொண்ணு நான்தான். அப்போது ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன்.

தன் அண்ணன் எதிரே வாயைத் திறந்து அப்பாவுக்குப் பழக்கமில்லை. அம்மாவுக்கோ கோர்ஸை வீணாக்க மனமில்லை. மூன்று நாள் இருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. நான்காம் நாள் சமாதானம் ஆனது. உள்ளறையில் பார்லர், வாசலில் டெய்லர் பலகை. ஊர் நம்ப வேண்டுமே என்று உத்திரமேரூரிலிருந்து பழைய தையல் மிஷின் ஒன்றை அப்பாவே மொபெட்டில் வைத்துக் கட்டிக்கொண்டு வந்தார். அதற்கு பெல்ட் கிடையாது. சர்டிபிகேட் பீரோவுக்குள் புடவைகளுக்கு அடியில் போய்விட்டது.

ஊர்ப் பெண்களுக்கு இந்த ஏற்பாடு ரொம்பவே பிடித்துப்போனது. அவரவர் வீட்டிலும் ஒரு பெரியப்பாவோ மாமியாரோ இருக்கத்தானே செய்தார்கள்? ஆளுக்கொரு மஞ்சள் பையில் ஜாக்கெட் துணியை எடுத்துக்கொண்டு, ‘தைக்கக் குடுத்துட்டு வரேன்’ என்று சொல்லிவிட்டுக் கிளம்புவார்கள். மஞ்சள் பையை மிஷின்மேல் வைத்துவிட்டு உள்ளறைக்குள் நுழைவார்கள். புருவம் வில்லாக வளைந்ததும் அதே பையை எடுத்துக்கொண்டு போவார்கள். மறு மாதம் அதே துணி திரும்ப வரும். செவ்வாய், வெள்ளியில் யாரும் முகத்தில் நூல் படவிட மாட்டார்கள். புதன்கிழமைகளில் நாலைந்து பைகள் மிஷின்மேல் வரிசையாக உட்கார்ந்திருக்கும். புருவம் எடுக்கிற நூல்கண்டும் மிஷின்மேல்தான் இருந்தது.

எனக்குத்தான் மானம் போயிற்று. “உங்கம்மா துணிய வாங்கி வெச்சிக்கினு தெச்சே குடுக்க மாட்டாங்களாமே” என்று வகுப்பில் ஒருத்தி எல்லார் முன்பும் கேட்டாள். பீரோவுக்குள் கண்ணாடிச் சட்டத்தோடு ஒரு சர்டிபிகேட் இருக்க, ஊரிலேயே மட்டமான டெய்லரின் மகள் என்ற பெயர் எனக்கு.

மேட்டு வீட்டு மருமகள் வாரம் தவறாமல் வருவாள். பழையசீவரத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. அவள் வந்தால் மட்டும் அம்மா என்னை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்துவாள். சாத்தினால் பார்க்காமல் இருக்கிற பிள்ளையா நான்? கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். அவள் மோவாயில் முடி இருந்தது. பூனைமுடி இல்லை, கறுத்த முடி. அம்மா நூலால் ஒவ்வொன்றாகப் பிடுங்க, அவள் சத்தமில்லாமல் கண்ணீர் விட்டாள். சிவப்பு அடங்கும்வரை அம்மா துணியில் ஐஸ்கட்டியைச் சுற்றி ஒற்றிக்கொண்டிருந்தாள்.

“அவருக்குத் தெரிஞ்சா இன்னாக்கா ஆவும்?” என்று அவள் கேட்டாள்.

“எப்டித் தெரியும்? நானா சொல்லப் போறேன்?” என்றாள் அம்மா. அவளுக்கு என் ஞாபகம் வரவில்லை.

வாராவாரம் பையைத் தூக்கி வந்தால் சந்தேகம் வரும் என்று அவளுடைய கிளிப்பச்சைத் துணி எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது. ‘ஜாக்கெட் ஆயிடுச்சான்னு கேட்டுட்டு வரேன்’ என்று சொல்லிக்கொண்டு வருவாள். மூன்று மாதம் இப்படியே ஓடியது.

ஆடி மாதம். கோயிலில் கூழ் ஊற்ற ஒரு வாரம் இருந்தது. அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்த நேரத்தில் மேட்டு வீட்டு மாமியார் வந்து தெருவிலேயே நின்றுகொண்டாள்.

“இன்னாடி, ஒரு ஜாக்கெட்டு தெக்க மூணு மாசமா? துணிய வித்துத் துன்னுட்டாளா உங்கம்மா?”

எதிரே குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். அதில் இரண்டு பேர் எங்கள் உள்ளறையில் உட்கார்ந்து எழுந்தவர்கள். எனக்குத் தலைக்கேறிவிட்டது. உள்ளே ஓடி, புடவைகளை வாரிப் போட்டு, சர்டிபிகேட்டை எடுத்து வந்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

“எங்கம்மா டெய்லரே இல்ல. பியூட்டிஷியன்! உங்க மருமவ மோவாயில முடி எடுத்துக்கத்தான் வாரா வாரம் வராங்க!”

குழாயடிச் சிரிப்பு நின்றது. மாமியார் திரும்பிப் போனாள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அம்மா வந்ததும் பெருமையாகச் சொன்னேன். அரிசிப் பையை இறக்கி வைத்தவள் அப்படியே மிஷின் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். அடிக்கவில்லை, திட்டவில்லை. பிறகு எழுந்து, கிளிப்பச்சைத் துணியை எடுத்துக்கொண்டு உத்திரமேரூர் பஸ் ஏறினாள். பொழுது சாய்வதற்குள் ஜாக்கெட்டைத் தைத்து வாங்கிக்கொண்டு வந்து, என் மணிக்கட்டைப் பிடித்து மேட்டு வீட்டுக்கு இழுத்துப் போனாள்.

முற்றத்தில் மாமியாரும் மகனும் இருந்தார்கள். மருமகள் கதவோரம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். கண் வீங்கியிருந்தது. அம்மா தெருவுக்கே கேட்கிற குரலில் சொன்னாள்: “லேட்டாயிடுச்சுக்கா, மன்னிச்சிக்கோங்க. திட்டிட்டீங்கன்ற கோவத்துல இது வாய்க்கு வந்தத உளறிக்கீது.” பிறகு என் மணிக்கட்டை நெரித்து, “சொல்லு” என்றாள்.

“பொய் சொன்னேன்” என்றேன். உண்மையைச் சொன்னதற்கு இப்படி ஒரு தண்டனையா என்று அழுகை வந்தது.

மாமியார் ஜாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நம்பினாளோ, நம்பிவிடுவதுதான் நல்லது என்று நினைத்தாளோ. உள்ளே போய் இன்னும் இரண்டு துணிகளை எடுத்து வந்து, “இதாவது சீக்கிரம் தெச்சிக் குடு” என்று அம்மா கையில் வைத்தாள்.

அதோடு பார்லர் முடிந்தது. வாய் அடங்காத பிள்ளை இருக்கிற வீட்டுக்கு யார் வருவார்கள்? மஞ்சள் பைகள் ஒவ்வொன்றாக நின்றுபோயின. அம்மா மிஷினுக்கு பெல்ட் வாங்கி மாட்டி, முப்பத்தைந்து வயதில் தையல் பழகினாள். இன்றைக்கும் அவள் டெய்லர்தான். ஊருக்குப் போகும்போதெல்லாம் அந்தப் பலகைக்குக் கீழே குனிந்து நுழைய எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஆனால் அன்றைக்கு வெட்கமில்லை, கோபம்தான். கூழ் ஊற்றும் நாளில் அம்மா தைத்ததாகச் சொன்ன அந்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு மேட்டு வீட்டு மருமகள் வந்தாள். தோள் இரண்டும் தொளதொளவென்று சரிந்தன. அவள் முகத்தில் இருந்த ஒவ்வொரு மயிர்க்காலும் தெரிந்த அம்மாவுக்கு அவள் உடம்பின் அளவு தெரியாது, டெய்லரிடம் குத்துமதிப்பாகச் சொல்லியிருக்கிறாள். ஊரே கூடியிருந்த இடத்தில், மாமியாருக்குப் பக்கத்தில், கூழ்ப் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் தோளை இழுத்து இழுத்து விட்டாள். ஒவ்வொரு முறையும் எங்கள் அம்மாவைத் தேடிப் பார்த்தாள். என்னைப் பொய்க்காரி ஆக்கியவர்களுக்கு நன்றாக வேண்டும் என்று நான் சொம்புக்குள் முகத்தை வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். பெட்டி நிறைய ஜாக்கெட் வைத்திருந்தவள் எதற்காகப் பொருந்தாத அந்த ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்தாள் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.