எனக்கு எதிராக, எனக்குப் புரியும்படி

மூன்று வருடத்துக்கு முன்னால், நல்ல ஆடி மாதத்தில், ஊட்டி நுகர்வோர் கோர்ட்டில் நடந்தது இது. கோர்ட் வாசலை சினிமாவில் மட்டும் பார்த்த ஆள் நான். ஆனால் கோபம் வந்துவிட்டால் என்னைப் பிடித்து நிறுத்த ஆள் கிடையாது. அந்தக் கோபம்தான் என்னை அங்கே கொண்டுபோய் விட்டது.

எங்களுக்கு ஊர் எமரால்டு. அங்கே ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் நான் ஒன்றாம் வகுப்பு டீச்சர். வீட்டுக்காரருக்கு அவலாஞ்சி பக்கம் மின்வாரியத்தில் வேலை. நாற்பதைத் தாண்டியதும் எனக்கு ஒரு விஷக்காய்ச்சல் வந்தது. போகும்போது சும்மா போகாமல் இரண்டு காதிலும் பாதியை எடுத்துக்கொண்டு போய்விட்டது. பெரியவர்கள் பேசினால் ஓரளவு சமாளிப்பேன். பிள்ளைகளின் கீச்சுக்குரல்தான் சுத்தமாக விழாது. ஒன்றாம் வகுப்பு டீச்சருக்குப் பிள்ளைகள் வாசிப்பது கேட்கவில்லை என்றால் என்ன பிரயோசனம், நீங்களே சொல்லுங்கள். தப்பாக வாசித்த பிள்ளைக்கு "வெரிகுட்" சொல்லிவிட்டு, வகுப்பே சிரிப்பதைப் பார்த்துத் திருதிருவென்று முழித்திருக்கிறேன்.

எங்கள் தலைமை ஆசிரியை தங்கமானவர். காது மிஷின் போட்டுக்கொண்டு வாங்க, அதுவரைக்கும் ஆபீஸ் வேலையைப் பாருங்க என்று தன்மையாகத்தான் சொன்னார். ஆனாலும் என் வகுப்பில் இன்னொருத்தர் நின்று பாடம் எடுப்பதை ஜன்னல் வழியாகப் பார்க்கும்போது வயிறு எரியும். எனக்கு வேண்டியதெல்லாம் அந்த வகுப்புதான். அது இல்லாமல் மாதாமாதம் சம்பளம் வாங்குவதே ஏதோ பிச்சை வாங்குவதுபோல இருந்தது.

சேமிப்பை வழித்தெடுத்து, கோயம்புத்தூரில் பெரிய கம்பெனி ஒன்றின் ஷோரூமில் காது மிஷின் வாங்கினோம். போட்டுவிட்ட நிமிஷம் என் வளையல் சத்தம் எனக்கே கேட்டு, அங்கேயே அழுதுவிட்டேன். ஜூனில் பள்ளி திறந்ததும் வகுப்பைத் திருப்பிக் கொடுத்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சந்தோஷம் மழை பிடிக்கிற வரைக்கும்தான். மழையும் மூடுபனியும் சேர்ந்து இறங்கிய கொஞ்ச நாளிலேயே மிஷின் மூச்சு விடாமல் போய்விட்டது. மறுபடியும் ஆபீஸ் நாற்காலி.

வாரண்டி இருக்கிறதே என்று கொண்டுபோனால், கம்பெனியில் ஒரு புதுக் கதை சொன்னார்கள். மிஷினுக்குள் கடுகளவு வெள்ளைப் பொட்டு ஒன்று இருக்கிறதாம். தண்ணீர் பட்டால் அது சிவந்துவிடுமாம். என் மிஷினில் அது சிவந்திருக்கிறதாம். ஆகவே நான் அதைப் போட்டுக்கொண்டு குளித்திருக்கிறேன், இல்லையென்றால் தண்ணீரில் போட்டுவிட்டேன், ஆகவே வாரண்டி செல்லாது. எங்கள் ஊரில் துவைத்த துணி வாரக்கணக்கில் காயாதுங்க, உப்பு ஜாடியில் உப்பு தண்ணீராக நிற்கும், செருப்பில் பூஞ்சை பூக்கும், இதற்கெல்லாம் யாரும் தண்ணீர் ஊற்றவில்லை என்று எவ்வளவோ சொன்னேன். கவுண்டரில் இருந்தவர் கதை கேட்பதுபோலக் கேட்டுவிட்டு, புது மாடல் வந்திருக்கிறது, பார்க்கிறீர்களா என்றார். எனக்கு எப்படி இருந்திருக்கும்!

வக்கீல் இல்லாமலே நுகர்வோர் கோர்ட்டில் புகார் கொடுக்கலாம் என்று வீட்டுக்காரர் விசாரித்துச் சொன்னார். கொடுத்தேன். அப்புறம் ஆரம்பித்தது வாய்தா. கம்பெனி பதில் போடக் கால அவகாசம் கேட்டது. பதில் வந்தது, அதற்கு நான் பதில் போட வேண்டும் என்றார்கள். அவர்களுடைய வக்கீல் மாறினார். ரோட்டில் மண் சரிந்து கீழேயிருந்து யாரும் வரமுடியாமல் ஒரு தடவை தள்ளிப்போனது. இப்படியே இன்னொரு மழைக்காலமும் வந்து போனது.

இதில் பெரிய கூத்து என்னவென்றால், என் கேஸ் எனக்கே கேட்காது. பின்பெஞ்சில் உட்கார்ந்து, பேர் கூப்பிடுகிறவரின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஊட்டிக் குளிரில் எல்லார் வாயும் மப்ளருக்குள் இருக்கும்போது எதைப் பார்த்து எதைப் புரிந்துகொள்வது? ஒரு நாள் மத்தியானம் வரைக்கும் பக்தியாக உட்கார்ந்திருந்தேன். எல்லாரும் எழுந்து போன பிறகுதான் தெரிந்தது, என் கேஸைக் காலையிலேயே கூப்பிட்டுத் தள்ளிவைத்துவிட்டார்கள் என்று. அன்றைக்கு எமரால்டு பஸ்ஸில் வழியெல்லாம் எனக்குள்ளேயே கம்பெனியைத் திட்டிக்கொண்டு வந்தேன்.

அதற்கடுத்த வாய்தாவுக்குத்தான் கம்பெனி சார்பில் புது வக்கீல் வந்தார். கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு இளம்பெண். வெடவெடவென்று நடுங்கிக்கொண்டு, கண் மட்டும் தெரிய மப்ளர் சுற்றியிருந்தார். தீர்ப்புச் சொல்கிறவர்கள் உட்கார்ந்திருந்த பெஞ்சைப் பார்த்து ஏதோ பேச ஆரம்பித்தார். எனக்கு ஒரு எழுத்து விளங்கவில்லை. எழுந்து, ஐயா, எனக்கு எதுவும் கேட்கவில்லை, அதற்குத்தான் கேஸே போட்டிருக்கிறேன் என்றேன். கோபத்தில் குரல் கொஞ்சம் தூக்கலாகத்தான் வந்திருக்க வேண்டும். பெஞ்சின் நடுவில் இருந்த கோர்ட் தலைவர் என்னை முன்னால் வரச்சொல்லிவிட்டு, அந்தப் பெண்ணைச் சத்தமாகப் பேசச் சொன்னார்.

அந்தப் பெண் பேச்சை நிறுத்திவிட்டு என் பக்கம் வந்தார்.

"ஏனுங்க டீச்சர், சத்தமாப் பேசுனா கேக்குங்களா, இல்ல வாயைப் பாத்தாப் புரியுங்களா?"

காது போனதிலிருந்து என்னிடம் இதைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். மற்றவர்களெல்லாம் காது பக்கத்தில் வந்து கத்துவார்கள், இரைச்சல்தான் மிஞ்சும். வாயைப் பார்த்தால் புரியும் என்றேன். அந்தக் குளிரில் மப்ளரைக் கழற்றிப் பையில் வைத்தார். பெஞ்சுக்கும் எனக்கும் நடுவில், இரண்டு பக்கமும் முகம் தெரிகிற மாதிரி ஒரு இடம் பார்த்து நின்றார். ஒவ்வொரு வாக்கியத்தையும் பெஞ்சிடம் சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பி நிதானமாக இன்னொரு தடவை சொன்னார்.

சொன்னது என்ன தெரியுமா? இந்த அம்மா மிஷினைத் தண்ணீரில் போட்டுவிட்டுப் பொய்ப் புகார் கொடுத்திருக்கிறார் என்று. என் முகத்தைப் பார்த்து, எனக்குப் புரிகிற மாதிரி! கோபப்படுவதா கும்பிடுவதா என்று தெரியாமல் நின்றேன். ஆனால் என் கேஸில் என்ன நடக்கிறது என்று எனக்கு முழுசாகத் தெரிந்தது அன்றைக்குத்தான்.

தெரிந்ததும் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். மிஷினை எப்படிப் பாதுகாத்தீர்கள் என்று தலைவர் கேட்டார். நான் பெருமையாக, ராத்திரியானால் கழற்றி, விறகடுப்புக்கு மேலே இருக்கிற பலகையில், உப்பு டப்பாவுக்கும் தீப்பெட்டிக்கும் பக்கத்தில் வைப்பேன், ஈரம் அண்டாது என்றேன். எங்கள் பக்கம் மழைக்காலத்தில் நமுத்துப்போகிற எல்லாப் பொருளும் அங்கேதான் ஏறும். அந்தப் பெண் விடுவாரா? அடுப்புச் சூட்டில் வைத்ததாக அவரே ஒத்துக்கொள்கிறார், ஐயா, என்று பிடித்துக்கொண்டார். அதையும் என் பக்கம் திரும்பி ஒரு தடவை சொன்னார். என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டது எனக்கு நன்றாகவே புரிந்தது.

பெஞ்சில் உறுப்பினராக இருந்த அம்மா எங்கள் மலைக்காரர். தன் வீட்டிலும் தீப்பெட்டி அடுப்புக்கு மேலேதான் இருக்கிறது என்று சிரித்தார். தலைவர் கீழேயிருந்து வந்தவர். அவருக்கு இது ஆச்சரியமாக இருந்தது. தண்ணீர் படாமல் அந்தப் பொட்டு சிவக்கவே சிவக்காதா என்று வக்கீலைக் கேட்டார். சிவக்காது என்று கம்பெனி சொல்கிறது என்றார் அவர். அப்படியானால் அடுத்த வாய்தாவுக்குப் புதுப் பொட்டு ஒன்று கொண்டு வாருங்கள், எல்லாரும் கண்ணால் பார்த்துவிடலாம் என்று தலைவர் சொல்லிவிட்டார்.

அந்த வாய்தாதான் ஆடி மாதம் வந்தது. ஸ்டிக்கர் பொட்டு மாதிரி ஒரு அட்டை நிறைய வெள்ளைப் புள்ளிகள் கொண்டுவந்திருந்தார் வக்கீல். பெஞ்சுக்கு முன்னாலேயே ஒன்றை உரித்து, வெள்ளைத் தாளில் ஒட்டி, ஜன்னல் திட்டில் வைத்தார்கள். ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவைக்கச் சொன்னார் தலைவர். மற்ற கேஸ்கள் நடந்தன. நான் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். நேரம் பார்த்து அன்றைக்கு வெளியே வெளிச்சமாக இருந்தது. பாழாய்ப்போன வெயில் இன்றைக்குத்தானா வரவேண்டும் என்று மனதுக்குள் அழுதேன். இதில் தோற்றால் இன்னொரு மிஷின் வாங்க எங்களிடம் ஒன்றும் இல்லை. அப்புறம் அந்த வகுப்பு எனக்கு இல்லவே இல்லை.

அப்புறம் அது வந்தது. எதிரே இருந்த கற்பூர மரங்கள் முதலில் மறைந்தன. அடுத்து ரோடு, அடுத்து காம்பவுண்டு. திறந்திருந்த ஜன்னல் வழியாக யாரையும் கேட்காமல் உள்ளே நுழைந்து, தரையோடு பரவி, மேஜை மேலே ஏறி, கோர்ட் ஹாலையே வெள்ளையாக்கிவிட்டது. டியூப் லைட் மங்கிப்போனது. தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், மறுபடியும் துடைத்தார். பிறந்ததிலிருந்து பார்க்கிற மூடுபனிதான். ஆனால் அன்றைக்கு எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. எனக்காகச் சாட்சி சொல்ல ஒரு மலையே எழுந்து வந்த மாதிரி இருந்தது. கைகூப்பிவிட்டேன், சிரிக்காதீர்கள்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பெஞ்ச் எழுந்தது. எல்லாரும் டீ குடிக்கப் போய்விட்டார்கள். ஹாலில் நானும் அந்த வக்கீலும் மட்டும்தான். அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். முதுகு என் பக்கம் இருந்தது. கையில் அந்தப் பொட்டு அட்டை. ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றை ஒட்ட எவ்வளவு நேரம் ஆகப்போகிறது? நாம்தான் தினமும் கண்ணாடி முன்னால் செய்கிறோமே! சத்தம் போடலாமா என்று வாயைத் திறந்துவிட்டேன்.

அவர் திரும்பி, கையசைத்து என்னைக் கூப்பிட்டார். நான் பக்கத்தில் போய், அவர் வாயைப் பார்க்கிற வரைக்கும் பொறுத்திருந்தார்.

"சிவந்துருச்சுங்க டீச்சர். நீங்களே பாருங்க. நான் கை வைக்கல."

பார்த்தேன். குங்குமம் மாதிரி சிவந்திருந்தது. எனக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. உங்க கம்பெனியில் உங்களைத் திட்ட மாட்டாங்களா என்று கேட்டேன்.

"திட்டுவாங்க. அதுக்காக இதை மறைக்க முடியுங்களா?"

அட்டையை என் கையில் கொடுத்துவிட்டு, அந்தத் தாளுக்குப் பக்கத்திலேயே குளிரில் நின்றார். பெஞ்ச் வந்து உட்கார்ந்ததும், யாரும் கேட்பதற்கு முன்னால் அவரே, பொட்டு சிவந்துவிட்டது, தண்ணீர் எதுவும் படவில்லை, நான் பக்கத்திலேயே இருந்தேன் என்று சொன்னார். சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி அதையும் ஒரு தடவை சொன்னார். எனக்குத் தெரிந்த விஷயம்தான். இருந்தாலும் சொன்னார்.

அதோடு அவர் தன் கட்சியை விட்டுவிட்டார் என்று நினைக்காதீர்கள். அடுப்புச் சூட்டை மறுபடியும் கையில் எடுத்தார். புது மிஷின் கொடுத்தால் போதும், நஷ்டஈடு அதிகப்படி என்று மூச்சுப் பிடித்து வாதாடினார். அதிலும் முக்கால்வாசி ஜெயித்துவிட்டார்! இன்னும் சில வாய்தா ஓடித் தீர்ப்பு வந்தபோது எனக்குப் புது மிஷின் கிடைத்தது. மன உளைச்சலுக்கு நான் கேட்டதில் கிள்ளிக் கொடுத்தார்கள். எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். அவருக்கு அடுத்த கேஸ் கூப்பிட்டுவிட்டார்கள், அவசரமாகச் சிரித்துவிட்டுப் போய்விட்டார். அப்புறம் நான் அவரைப் பார்க்கவில்லை.

இப்போது என் வகுப்பில்தான் இருக்கிறேன். ஒன்றாம் வகுப்பில் புகாருக்குப் பஞ்சமா? டீச்சர், இவன் கிள்ளினான், டீச்சர், இவள் பென்சிலை எடுத்தாள் என்று என் காதோடு ரகசியம் சொல்ல ஓடிவருவார்கள். முன்பெல்லாம் கேட்டுவிட்டு மற்ற பிள்ளையைக் கூப்பிட்டு அதட்டுவேன். இப்போது இரண்டு பேரையும் எதிரெதிரே நிற்கவைத்து, என்னிடம் வேண்டாம், அவன் முகத்தைப் பார்த்து, அவனுக்குக் கேட்கிற மாதிரி சொல் என்கிறேன். பாதிப் புகார் அங்கேயே சிரிப்பாக முடிந்துவிடுகிறது. மீதிப் பாதியில் அழுகை வரும், சண்டை வரும், ஆனால் பொய் வருவதில்லை. ஒவ்வொரு தடவையும் அந்தப் பெண்ணின் முகம் எனக்கு ஞாபகம் வரும். என்னைத் தோற்கடிக்க வந்த ஒருவர், எனக்குத் தெரியாமல் என்னைத் தோற்கடிக்க மாட்டேன் என்று நின்றாரே, அந்த மனசு எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் எனக்குப் பிரமிப்புத் தீரவில்லை.