சாமியின் இடக்கன்னம்

உண்மையைச் சொன்ன ஒரு அம்மாவை, தன் நினைவுதான் பிழை என்று நம்ப வைத்தவன் நான். என்னை நல்லவன் என்று நினைத்திருந்தீர்களானால் அந்த நினைப்பை இங்கேயே விட்டுவிடுங்கள்.

செப்புத் தகட்டில் உளியால் முகங்களைச் செதுக்கி, மை தடவித் தாளில் அச்செடுப்பது என் தொழில். புதுக்கோட்டையில் பட்டறை. திருவரங்குளம் பக்கத்து மாதா கோயில் ஒன்றில் பங்குச் சாமியாராக இருந்து மறைந்த மிக்கேல் சாமியின் முகத்தைச் செதுக்கித் தரக் கேட்டார்கள். கிடைத்தது ஒரே ஒரு பழைய புகைப்படம்.

தகட்டில் இடம் வலமாக மாற்றித்தான் செதுக்க வேண்டும். அப்போதுதான் அச்சில் முகம் நேராக வரும். இந்தத் தொழிலின் அரிச்சுவடி அது! அவசரத்தில் மறந்தேன். புகைப்படத்தில் கண்டபடியே செதுக்கினேன். சாமியின் இடக்கன்னத்துத் தழும்பு, அச்சில் வலக்கன்னத்துக்குப் போய்விட்டது. நான் கவனிப்பதற்குள் ஊரில் வீட்டுக்கு ஒரு படம் கொடுத்தாகிவிட்டது. எனக்குப் பொன்னாடை வேறு! வாயைத் திறப்பேனா?

கண்டுபிடித்தவர் ஒரே ஒருவர். சாமியின் அக்கா ஆரோக்கியம். தாயில்லாத தம்பியை இடுப்பில் சுமந்து வளர்த்தவர்.

"தழும்பு இங்கிட்டுல்ல சார் இருக்கும்," என்று தன் இடக்கன்னத்தைத் தொட்டார். "முந்திரிக்கொட்டை வறுக்கயில நாந்தான் அவனைப் பக்கத்துல விட்டுட்டேன். எண்ணெ தெறிச்சு வெந்துபோச்சு. எனக்குத் தெரியாதுங்களா?"

சுற்றிலும் ஆட்கள். பிழை என்னுடையது என்று ஒரு வார்த்தை... சொன்னேனா?

"போட்டோவப் பாத்துத்தாங்க செதுக்குனேன். வயசாயிருச்சுல்ல, மறந்திருப்பீங்க," என்றேன்.

புகைப்படம் என் பையிலேயே இருந்தது. எடுத்துக் காட்டவில்லை. காட்டச் சொல்லி அவரும் கேட்கவில்லை. படித்தவன் பொய் சொல்வான் என்று அவருக்குத் தோன்றவே இல்லை... பாவி நான்!

போன மாதம் மனம் பொறுக்காமல், சொல்லிவிடுவது என்றுதான் அவர் வீட்டுக்குப் போனேன். சுவரிலிருந்த படத்தைக் கழற்றி என் மடியில் வைத்தார்.

"நான் சுட்ட கன்னமே எனக்கு மறந்துபோச்சே சார்... அவன் மொகத்துல இன்னும் என்னென்னத்த மறந்தேனோ! நீங்கதான் நல்லாப் பாத்தவங்க. சொல்லுங்க."

அந்தக் கண்களைப் பார்த்தேன். என் கோழைத்தனம் என்னை விட்டு எங்கே போகும்?

"நீங்க ஒண்ணுமே மறக்கலைங்க," என்றேன்.

அவரிடம் நான் சொன்ன ஒரே உண்மை அது. அதை மட்டும் அவர் நம்பவில்லை.