மூன்று தடவை சிவப்பு

இது நடந்தது. எனக்கே நடந்தது. கதை விடுகிறாள் என்று நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். யாரையும் நம்பவைக்க எனக்குத் தெம்பு இல்லை.

பக்கவாதம் வந்ததில் அப்பாவுக்குப் பேச்சு போய்விட்டது. வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது. மிச்சம் இருந்தது இடது கை, அதிலும் கட்டைவிரல்தான் சொன்ன பேச்சைக் கேட்டது. வீட்டில் நானும் அவரும் மட்டும். நான் முன்னறையில் உட்கார்ந்து ஒரு சட்டைக் கம்பெனிக்குத் தைக்கிறேன். மெஷினை நிறுத்தினால் அடுப்பு எரியாது. ஓட்டினால் பின்னறையில் அப்பா முனகுவது கேட்காது. மணி வைத்துப் பார்த்தேன், அந்த இரைச்சலில் அதுவும் எடுபடவில்லை. ஒருநாள் ஒரு மணி நேரம் அவர் ஈரத்திலேயே கிடந்திருக்கிறார். அன்று சுவரில் முட்டிக்கொண்டு அழுதேன்.

காதுக்கு எட்டாவிட்டால் கண்ணுக்கு எட்டட்டும் என்று, மெஷினுக்கு எதிர்ச் சுவரில் எல்இடி விளக்குப் பட்டை ஒட்டினேன். அப்பா பொத்தானை அழுத்தினால் சிவப்பு எரிய வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அதை எரியவைக்க எந்தக் கன்ட்ரோலர் வாங்குவது? லைட் கடைக்காரரை அரை நாள் படுத்தி எடுத்தேன். வைஃபையில் ஓடுவது நெட் போனால் படுத்துவிடும். புளூடூத்துக்கு போன் வேண்டும், அப்பாவால் போனைப் பிடிக்க முடியாது. டிவி ரிமோட் மாதிரி இருப்பது சுவரைத் தாண்டாது. கடைசியில் ரேடியோ ரிமோட்தான் சரிப்பட்டது. சுவர் தாண்டும், நெட் வேண்டாம், ஒரே பொத்தான்.

"ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு, பெட்டி பிரிச்சது," என்றார் கடைக்காரர். "ஒரு வீட்லேர்ந்து திரும்பி வந்துச்சு. ரிமோட் மட்டும் வரல. நான் வேற போட்டுத் தர்றேன்."

இந்தக் கன்ட்ரோலர்கள் ஒருமுறை இணைத்த ரிமோட்டை மறப்பதில்லை, நாமாக அழிக்க வேண்டும். அவர் அழிக்கவில்லை. எனக்கும் கேட்கத் தெரியவில்லை.

முதல் நாள் அப்பா அழுத்தினார். சுவர் சிவந்தது. ஓடினேன். பாதி வாயால் சிரித்தார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

இரண்டாம் நாள், இரவு 8:10. சிவப்பு மூன்று தடவை மின்னியது. நின்றது. மறுபடி மூன்று. ஓடிப்போய்ப் பார்த்தால் அப்பா நல்ல தூக்கத்தில் இருந்தார். ரிமோட் அவர் மார்பில், நான் கட்டிய கயிற்றில், அப்படியே கிடந்தது.

மூன்றாம் நாளும் 8:10. மூன்று... மூன்று... கடைக்காரருக்கு போன் போட்டேன். அக்கம்பக்கத்தில் யார் ரிமோட்டாவது இதை எரியவைக்கும் என்றார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சிரிப்பு வேறு.

நான்காம் நாள் 8:05-க்கு அப்பா ரிமோட்டிலிருந்து பேட்டரியைக் கழற்றி என் நைட்டிப் பையில் போட்டுக்கொண்டேன். இப்போது மின்னினால் அது அப்பா இல்லை. போகத் தேவையில்லை. விடிந்தால் கொடுக்க வேண்டிய சட்டைகள் மலையாகக் கிடந்தன.

8:10.

மூன்று... மூன்று...

பல்லைக் கடித்துக்கொண்டு மெஷினை மிதித்தேன். போக மாட்டேன்.

நிற்கவில்லை. மூன்று. மூன்று. மூன்று. இடைவெளி குறைந்துகொண்டே வந்தது.

8:12. மின்னுவது நின்றது. சிவப்பு அணையாமல் எரிந்தது. ஊசி, நூல், என் கை... எல்லாம் சிவப்பு.

பிளக்கைப் பிடுங்க எழுந்தேன். மெஷின் நின்றது.

'களக்... களக்...'

பின்னறை.

அப்பாவின் தலை தலையணையிலிருந்து சரிந்திருந்தது. வாந்தி தொண்டையை அடைத்திருந்தது. முகம் நீலம்.

கட்டைவிரல் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தது.

பேட்டரி என் பையில்.

புரட்டிப் போட்டேன். முதுகில் தட்டினேன். வாயில் விரலை விட்டு வழித்தேன்.

8:14-க்கு மூச்சு வந்தது.

முன்னறையில் சிவப்பு அணைந்தது.

அப்பா என்னைப் பார்க்கவில்லை. கட்டிலின் கால்மாட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் கடைக்காரரிடம் மல்லுக்கட்டி, கன்ட்ரோலரைத் திருப்பிக் கொடுத்தவரின் எண்ணை வாங்கினேன். ஒரு பெண் எடுத்தாள். படுக்கையில் கிடந்த கணவருக்காக வாங்கியதாம். நான் நடந்ததைச் சொன்னேன்.

"எத்தனை தடவை மின்னுது?"

"மூணு. கொஞ்சம் நிறுத்தி, மறுபடி மூணு."



"அவர் அப்படித்தான் என்னைக் கூப்பிடுவாரு. கடைசி நாளும் கூப்பிட்டாரு, எட்டு பத்துக்கு. சும்மா கூப்பிடறாருன்னு... நான் போகல."

ரிமோட் இப்போது எங்கே என்று கேட்டேன்.

"கையிலதான் இருந்துச்சு. விரலைப் பிரிக்கவே முடியல. அப்படியே புதைச்சுட்டோம்."

இன்றைக்கும் 8:10-க்கு மின்னுகிறது. நான் மெஷினை நிறுத்திவிட்டு உள்ளே போய், "வந்துட்டேன்," என்கிறேன். மின்னுவது நின்றுவிடுகிறது. கன்ட்ரோலரின் பொத்தானைப் பத்து வினாடி அழுத்திப் பிடித்தால் பழைய ரிமோட் அழிந்துவிடும். எத்தனையோ முறை விரலை வைத்து எடுத்துவிட்டேன். பயம் இல்லை என்று யார் சொன்னது? ஆனால் நான் இன்னொரு நாள் எதையாவது தப்பாகச் செய்தால், அப்பாவுக்காக என்னைக் கூப்பிட வேறு யார் இருக்கிறார்கள்?

அந்தப் பெண்ணின் கணவரைப் புதைத்த இடம் இங்கிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரம். நேற்றுதான் கன்ட்ரோலர் வந்த அந்தப் பழைய பெட்டியை எடுத்து முழுதாகப் படித்தேன். அடியில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறது.

ரிமோட் முப்பது மீட்டருக்குள் இருந்தால்தான் விளக்கு எரியுமாம்.