அக்காவுக்கு வராத மயக்கம்

கேரள மலையிலுள்ள ஏலப்பாறைக்கு வந்து பதினொரு வருடமாகியும் எனக்குப் பழகாதது ஒரு விசில். ஊரிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். மத்தியானச் சாப்பாடு முடிந்து சூப்பர்வைசர் விசில் ஊதினால், தேயிலைக் காட்டில் உட்கார்ந்திருக்கும் அத்தனை பெண்களும் ஒரே சமயத்தில் எழுந்துவிட வேண்டும். கம்பத்துப் பக்கம் நம் வயல்களில் அவரவர் சௌகரியம்போல எழுந்துகொள்ளலாம். இங்கே நான் எழுந்தால் கண் இருட்டும். சில நாள் விழுந்தும் விடுவேன். என் அக்கா செல்லமோ எழுந்த வேகத்தில் கூடையை மாட்டிக்கொண்டு நடந்துவிடுவாள். பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரியும்.

நான் விழும்போதெல்லாம் எங்கள் லயத்து வரிசை வீடுகளின் பெண்கள், "என்னடி, விசேஷமா?" என்பார்கள். நான் சொல்லவரும் சமயத்தில் எனக்குக் கல்யாணமாகி ஏழு வருடம், ஒருமுறைகூட விசேஷமில்லை. அக்காவுக்கு மூன்று பிள்ளைகள்.

எமர்ஜென்சிக்கு முந்தின மழைக்காலத்தில், எஸ்டேட் ஆஸ்பத்திரியின் மலையாளி டாக்டர் என்னைப் படுக்கவைத்து ஒரு தரம், நிற்கவைத்து ஒரு தரம் பிரஷர் பார்த்தார். நின்றதும் சட்டென்று இறங்கிவிடுகிறதாம். "இது பாரம்பர்யமாணு," என்றார்.

"பெருமைப்படுற மாதிரி எங்க குடும்பத்துல ஒண்ணும் கிடையாது சார்," என்றேன்.

தமிழ் தெரிந்த நர்ஸ் சிரித்துவிட்டாள். "அதில்ல, பெத்தவங்ககிட்டருந்து வர்றதுன்னு சொல்றார். உங்க அப்பாவும் இப்படித்தானா?"

உழவுக்கு நடுவே கஞ்சி குடித்து எழுந்ததும், அப்பா மாட்டின் முதுகில் கைபோட்டுக் கொஞ்ச நேரம் கண்மூடி நிற்பார். மாட்டின்மேல் பாசம் என்று நினைத்திருந்தோம். அவர் உடம்பைப் பங்கு வைத்தபோது உறுதியெல்லாம் அக்காவுக்கும் தள்ளாட்டம் எனக்கும் வந்திருக்கிறது.

மறுவருடம் அக்காவின் மூத்த மகள் வசந்தா, பள்ளிக்கூடத்தில் டீச்சருக்குப் பதில் சொல்ல எழுந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாள். அதே டாக்டர், அதே சோதனை. சின்னம்மாவுக்கு உள்ளதுதான் என்றார். அக்கா அழுதாள். எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். எழுதவே கூசுகிறது. அக்கா பெற்ற பிள்ளைக்குள் அக்காவிடம் இல்லாத ஒன்று, என்னுடையது, இருந்தது.

"இந்த ஊரு டாக்டருக்கு என்ன தெரியும்? கம்பத்துல காட்டுவோம், நீயும் வா," என்றாள் அக்கா.

எல்லையிலிருக்கும் கம்பம்மெட்டில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருந்தோம். வசந்தா கல்லில் என்னோடு உட்கார்ந்து தோளில் சாய்ந்திருந்தாள். ஏலக்காய் இருக்கிறதா என்று எங்கள் பையைக் கிளறிய செக்போஸ்ட்காரர் அவளைக் காட்டி, "மோளாணோ?" என்றார்.

"ஆமா, என் மகதான்," என்றேன்.

அக்கா இரண்டடி தள்ளித்தான் நின்றாள். அவள் என்னைப் பார்த்த பார்வையில் இருந்தது பொறாமை. எனக்கு அது அடையாளம் தெரியாதா?

தமிழ்நாட்டு பஸ் வந்துவிட்டது. வசந்தா சட்டென்று எழுந்தாள், ஆடினாள். நாங்கள் இருவரும் கை நீட்டினோம். அவள் பிடித்துக்கொண்டது அம்மாவின் கையை. கண்ணை மூடியபடி, "சின்னம்மா, இருட்டிக்கிட்டு வருது," என்றாள். எல்லைக்கு அந்தப் பக்கம் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. மூவரும் அசையாமல் நின்றோம்.