ஏழாம் கட்டிலில் ஏறிய எடை

ரோசிலி சிஸ்டருக்குக் காது கொஞ்சம் மந்தம். அதற்கும் சேர்த்துக் கண்ணும் மூக்கும் வேலை செய்யும். திருச்சூரில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியின் இருதய வார்டில் பதினாறு வருடமாக இன்சார்ஜ் நர்ஸ். தலையணைக்கடியில் ஒளித்த பீடியை வாசலில் நின்றே பிடித்துவிடுவாள். அவளுக்குத் தெரியாமல் அந்த வார்டில் ஓர் ஈ பறக்காது என்று எல்லோரும் சொல்வார்கள். அவளும் அதை நம்பியிருந்தாள், வினையே அங்கேதான்.

ஏழாம் கட்டிலில் வறுண்ணி. சர்ச் பெருநாள் பேண்டு செட்டில் நாற்பது வருடம் கிளாரினெட் ஊதியவர். இப்போது இருதயம் தளர்ந்து, உடம்பில் நீர் கோத்து, படுத்தால் மூச்சு முட்டுகிறது. நீரை இறக்க மூன்று வேளை ஊசி. உப்பு அறவே கூடாது. நீர் இறங்கினால் எடை குறைய வேண்டும். ஆனால் திங்களன்று எழுபத்தொன்று, செவ்வாய் எழுபத்தொன்றரை, புதன் எழுபத்திரண்டரை.

டாக்டர் ஹரிதாஸ் சார்ட்டைப் புரட்டினார். "ரோசிலி, ஊசி ஆளுக்குப் போகுதா, இல்ல சார்ட்டுக்கு மட்டும் போகுதா?"

இருபத்தெட்டு வருட சர்வீஸில் அவளிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. உச்சந்தலை வரை சூடு ஏறியது. காலையில் போட்ட பிரஷர் மாத்திரை எந்த மூலைக்கு என்று தோன்றியது.

"இனி என் கையாலயே போடுறேன் டாக்டரே."

"போடுங்க. நாளைக்கும் ஏறினா வென்டிலேட்டர்தான். இந்த வயசுல அதுல வச்சா, மறுபடி எடுக்கிறது கஷ்டம்."

முதலில் எடை மெஷினைச் சந்தேகித்துத் தானே ஏறிப் பார்த்தாள். அது உண்மையைத்தான் சொன்னது. அதற்காக அவள் அதை மன்னிக்கவில்லை. பிறகு வறுண்ணியின் மனைவி திரேசியா வீட்டிலிருந்து கொண்டுவந்த கஞ்சியை ஒரு ஸ்பூன் வாயில் விட்டுப் பார்த்தாள். சப்பென்றிருந்தது. பயறும் அப்படியே.

"என்ன சேச்சி, ஒளிச்சு ஊறுகா எதுவும் குடுக்கலையே?"

"மாதாவாணை இல்ல சிஸ்டரே! பேண்டு செட்டுப் பயலுங்க கொண்டாந்த உப்பு மாங்காயைக்கூடத் திருப்பி அனுப்பிட்டேன்."

கிழவி பொய் சொல்கிற ஜாதி இல்லை. ஆனாலும் ரோசிலி போவதுபோலப் போய்த் திரைக்குப் பின்னால் நின்று இடுக்கு வழியே பார்த்தாள். திரேசியா கஞ்சிக்கு மேல் சிலுவை வரைந்தாள், கண்ணை மூடி ஜெபம் சொன்னாள், ஜெபமாலைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். ஒரு ஸ்பூன் நிறைய அள்ளிக் கஞ்சியில் போட்டுக் கலக்கினாள்.

ரோசிலி திரையைக் கிழிக்காத குறையாக விலக்கினாள். "சேச்சி! என்ன அது?"

"வெஞ்சரிச்சது சிஸ்டரே. தியானக் கூட்டத்துல அச்சன் மந்திரிச்சுக் கொடுத்தது."

"எதை மந்திரிச்சாரு?"

"உப்பை."

"உப்பு கூடாதுன்னு தலை தலையா அடிச்சுக்கிட்டேனே!"

"கூடாதுன்னது கடை உப்பைத்தானே? இது மருந்தில்லையா? மொதல்ல ஒரு சிட்டிகைதான் போட்டேன். எடை ஏற ஏற நீங்க ஊசியைக் கூட்டுனீங்க, நான் இதைக் கூட்டுனேன்."

"வறுண்ணிச் சேட்டா, உங்களுக்கு நாக்கு இல்லையா?"

மூச்சுக்கு நடுவே வறுண்ணி சொன்னார்: "நாளுக்கு நாள் ருசி கூடிச்சு. விசுவாசம் கூடுதுன்னு நெனச்சேன்."

கத்தியிருப்பாள். ஆனால் அந்தக் கிழவி மூன்று நாளாக ஸ்டூலில் உட்கார்ந்தே தூங்குகிறவள். அவளிடம் போய், உன் கையாலேயே அவரை மூச்சு முட்ட வைத்தாய் என்று எந்த வாயால் சொல்வது? ரோசிலிக்கு மனசு வரவில்லை. ஊசி மருந்தை டிரேயில் எடுத்துக்கொண்டு நேராகச் சாப்பலுக்கு நடந்தாள்.

"இதை மந்திரிச்சுக் கொடுங்க அச்சோ."

ஆஸ்பத்திரிப் பாதிரியார் ஜோப் அச்சன் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். "ஊசிக்குன்னு புத்தகத்துல ஜெபம் இல்லையே மோளே."

"உப்புக்கு இருக்குல்ல? அதுல உப்புன்னு வர்ற எடத்துல ஊசின்னு படிங்க."

படித்தார். மந்திரித்த ஊசி இருக்கும்போது மந்திரித்த உப்பு எதற்கு என்று சொல்லித் திரேசியாவிடமிருந்து பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள் ரோசிலி. அன்று மாலை ஊசி இரண்டு நிமிடம் தாமதம். "மந்திரிச்ச ஊசி எங்க?" என்று திரேசியா நர்ஸுகளின் மேஜைக்கே வந்துவிட்டாள். பொட்டலம் ரோசிலியின் அலமாரியில் பூட்டிக் கிடந்தது.

வியாழன் எழுபத்தொன்றரை. வெள்ளி எழுபது. சனிக்கிழமை வறுண்ணி காலை நீட்டிப் படுத்துக் குறட்டை விட்டார். "ஊசியை மாத்தினீங்களா?" என்றார் டாக்டர். "ஊசி அதேதான், விசுவாசத்தைத்தான் குறைச்சோம்" என்றாள் ரோசிலி. அவருக்கு விளங்கவில்லை.

அன்று மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். வீட்டில் சமையல் கணவர் லோனப்பன்தான். மோர்க்குழம்பு ஒரு வாய் வைத்தவள் இன்னொரு வாய் வைத்துப் பார்த்தாள். ஒரு வருடமாகச் சாப்பிடுகிற ருசி. இன்றைக்குத்தான் நாக்கு விழித்தது. போனை எடுத்தாள்.

"குழம்புல என்ன போட்டீங்க?"

"எப்பவும் போடுறதுதான்."

"உப்பு?"

"அளவாத்தான். அப்புறம் தியானத்துல மந்திரிச்ச உப்பு ஒரு ஸ்பூன். உனக்குப் பிரஷர் எறங்கவே மாட்டேங்குதே."

எத்தனை கோபம் வந்ததோ அத்தனை அழுகையும் வந்தது ரோசிலிக்கு. மூக்கை உறிஞ்சினாள்.

"நாளைக்குச் சர்ச்சுல குர்பானை முடிஞ்சதும் போயிடாதீங்க. என் மாத்திரையை அச்சன்கிட்டக் கொடுக்கணும்."