பேப்பர் நனையலையே?

போன மழைக்காலத்தில் ஒரு காலை நேரத்தில் நடந்தது இது. ராயபுரத்தில், துறைமுகச் சரக்கை வெளியே எடுத்துத் தரும் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். சரக்குக்கான அசல் பேப்பர்களை ஸ்கூட்டரில் எண்ணூர்ப் பக்கத்து கன்டெய்னர் யார்டில் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் என் வேலை.

பாதுகாப்பு என்றால் எங்கள் ஆபீஸ் புலி. சுவரெல்லாம் போஸ்டர். யார்டுக்குள் நாலடி நடக்கக்கூட மஞ்சள் தொப்பி, ஆரஞ்சு கோட்டு கட்டாயம். போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். ஆனால் அந்த யார்டுக்குப் போய்ச் சேர, டிரெய்லர்களுக்கு நடுவே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டுகிறேனே, அந்தச் சாலை அவர்கள் கணக்கிலேயே கிடையாது. அங்கே ஒரே சட்டம்தான்: ஹெல்மெட்டுக்குள் இயர்போன் இருக்க வேண்டும், மேனேஜர் கூப்பிட்டால் எடுக்க வேண்டும். எடுக்காதவர்களுக்குப் 'பொறுப்பில்லாதவர்' என்று பெயர்.

அன்றைக்கு டோல்கேட் தாண்டும் முன்பே மேனேஜர் ஆரம்பித்துவிட்டார். "எங்கேம்மா இருக்கே? கேட்ல ஆள் காத்துக்கிட்டு இருக்கான்." மழை சார் என்றேன். "உனக்கு மட்டுமா பெய்யுது?" என்றார். எர்ணாவூர் தாண்டியதும் மறுபடி அதே குரல். பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, தண்ணீர் மூடிய பள்ளத்தில் முன்சக்கரம் இறங்கியது. நான் ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம். பின்னால் ஒரு டிரெய்லரின் பிரேக் கிறீச்சிட்டது. கண்ணைத் திறந்தால், அதன் சக்கரம் கைக்கெட்டும் தூரத்தில் நின்றிருந்தது.

காதுக்குள் லைன் அப்போதும் கட்டாகவில்லை. "ஹலோ, விழுந்துட்டியா? பேப்பர் நனையலையே?"

டிரெய்லர் டிரைவர் ஓடிவந்தார். அப்பா வயது இருக்கும். என்னை ஓரமாக உட்காரவைத்து, ஹெல்மெட்டைக் கழற்றினார். இயர்போனைப் பார்த்ததும் அவர் முகமே மாறிவிட்டது. போனை வாங்கி, "சார், பொண்ணு உயிரோட கீது. கை ஒடிஞ்ச மாரி கீது. நீ பேப்பர விசாரிச்சுகினு கீற" என்று சொல்லி வைத்துவிட்டார். வண்டி ஓட்டும்போது தன் போனை அணைத்துவிடுவாராம். "அது அடிச்சினே இருந்தா, காலு தானா ஆக்ஸிலேட்டர மிதிக்கும்மா" என்றார். ஆம்புலன்ஸ் வரும்வரை என் பக்கத்திலேயே நனைந்துகொண்டு நின்றார்.

கையில் கட்டோடு ஆபீஸ் திரும்பியதும், நன்றி சொல்ல அவரைப் பற்றி யார்டில் விசாரித்தேன். அவருடைய கம்பெனி டிரைவர் ஒருவர் சொன்னார்: "அவர வேலைய வுட்டு அனுப்சிட்டாங்கம்மா. அன்னிக்கி போன் எடுக்கல, லோடும் லேட்டுன்னு." என்னைக் காப்பாற்றியவருக்கு வேலை போயிற்று. போனிலேயே என்னைத் தள்ளிவிட்டவர் ஏசி அறையில் உட்கார்ந்திருக்கிறார்.

அடுத்து வந்தது பாதுகாப்பு வாரம். சட்டையில் பேட்ஜ் குத்திக்கொண்டு உறுதிமொழி வாசித்தவர் அதே மேனேஜர். "வாகனம் ஓட்டும்போது போன் பேச மாட்டேன்" என்றதும் எல்லோரும் கையை நீட்டித் திருப்பிச் சொன்னார்கள். என்னால் முடியவில்லை. "சார், ஓட்டும்போது கூப்பிட மாட்டேன்னு முதல்ல நீங்க சொல்லுங்க" என்றேன். அவர் தொண்டையைச் செருமிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டார்.

இப்போது மறுபடி ஓட்டுகிறேன். இயர்போனைத் தூக்கி எறிந்துவிட்டேன். பொறுப்பில்லாதவள் என்கிறார்கள். அதே பெயரை வாங்கிக்கொண்டு வேலையை இழந்த ஒரு மனிதரால்தான், அதைக் கேட்கவாவது நான் உயிரோடு இருக்கிறேன்.